தேய்ந்த பேட்டரியில் கேட்கவும்

அந்த அம்மாள் குடையை மடக்காமலே நின்று படித்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்கிவிட்டது. மழையும் இல்லை. ஆனாலும் மஞ்சள் பூப்போட்ட அந்தக் குடை அவர் தலைக்கு மேல் விரிந்தே இருந்தது. டவுன் ஹால் ரோட்டில் போகிறவர்கள் குடைக்கம்பி கண்ணில் குத்திவிடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

அவர் படித்தது நான் எழுதிய காகிதத்தை. சிக்கந்தர் பாயின் கேசட் கடை வாசலில், ஒரு பிளைவுட் பலகையில், நாலு குண்டூசியில் நின்ற முழுத் தாள் அது. "இந்த மாதம் புதுசு: பத்து" என்று தலைப்பு. அடியில் "எழுமலையான்" என்று என் புனைபெயர். நான் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் என் எழுத்தை இத்தனை நேரம் படிக்கிறாரே என்று பூரித்துப்போயிருந்தேன். அந்தத் தாளின் முன்னால் அதுவரை யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை.

கடைசியில் குடையை மடக்கிவிட்டுப் படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மெல்லிய செயினில் சிலுவை, விரல்களில் சாக்பீஸ் தூள்.

"இதை எழுதுனது யாருங்க?"

பாய் வாய் நிறைய வெற்றிலை. தாடையால் என்னைக் காட்டினார்.

"மொதலாவதா ஒரு பாட்டு போட்டுருக்கீங்களே தம்பி. அந்தச் சின்னப் பொண்ணு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கேட்டாரே ஒரு கேள்வி. நான் ஆரம்பித்துவிட்டேன். பதினெட்டு வயசுக்கு மேல் இருக்காது என்றேன். சங்கீதம் படிக்காத குரல், அதனால்தான் இவ்வளவு துள்ளல் என்றேன். "அதுக்கு முன்னாடி அஞ்சு பாட்டை ஒரு கட்டைக் குரல் பாடுது பாருங்க, அதை மட்டும் பொறுத்துக்கிட்டாப் போதும், ஆறாவதுல இந்தப் பொண்ணு வந்துரும்" என்று தாளில் எழுதியதையே வாயாலும் சொன்னேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

அடுத்து அவர் சொன்னதற்கு வருவதற்கு முன்னால், அந்தத் தாளின் கதையைச் சொல்லியாக வேண்டும். போன வாரம் லாட்ஜ் சாப்பாட்டைப் பற்றி எழுதியதற்கு, "சாம்பாருக்கு ஒரு பக்கம், பாட்டுக்கு ஒரு வரிதானா?" என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டிருக்கிறார். அவருக்காகவும்தான்.

காற்று கொண்டுவந்த பாதி

எழுமலையில் எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எங்காவது கல்யாணம், காதுகுத்து என்றால் வேப்பமரத்து உச்சியில் ஸ்பீக்கர் குழாய் கட்டுவார்கள். இரண்டு மைல் தள்ளி எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பாட்டு வரும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் வரும், திரும்பினால் போய்விடும். பல்லவியில் பாதி கேட்டிருப்பேன், மீதி பேரையூர்ப் பக்கம் போயிருக்கும். மறுபடி காற்று வரும்போது வேறு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

கேட்காமல் போன மீதியை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன். வளர்ந்த பிறகு சில பாட்டுகளை முழுசாகக் கேட்டபோது, இதற்கு நான் நிரப்பியதே பரவாயில்லையே என்றுகூட நினைத்திருக்கிறேன். திமிர் அப்போதே இருந்திருக்கிறது.

நான் கடலைக் காட்டையும் கிணற்று மோட்டாரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நான் பி.யூ.சி. முடித்த கையோடு மதுரைக்கு வந்துவிட்டேன். வடக்கு மாசி வீதியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கிற வேலை கிடைத்தது. பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். மாப்பிள்ளையின் படிப்பு பெண்ணின் பெயருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுத்தால் ஒரு மனுஷன் என்ன ஆவான்? எனக்கு எதைப் பார்த்தாலும் சிவப்பு மையில் சுழிக்கத் தோன்றியது. பாட்டையும் விட்டுவைக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த தூரத்து மாமா ஒருவர் போகும்போது தன் டூ-இன்-ஒன்னை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. ஆறு பெரிய பேட்டரி போட்டால் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். குளிக்கப் போகும்போதுகூட அதைத் துண்டு போட்டு மூடிவிட்டுத்தான் போவேன். என் அறையில் துணி போட்டு மூடுகிற மரியாதை வேறு எந்தப் பொருளுக்கும் கிடையாது.

படப்பாட்டு கூடாது

அந்தக் காலத்தில் பாட்டு வேண்டுமென்றால் கேசட் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். காலிக் கேசட்டில் பதிந்து மூன்று நாளில் தருவார்கள். மதுரையே லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணம் நிச்சயமானவர்கள் எழுதுவார்கள், நின்றுபோனவர்களும் எழுதுவார்கள். லிஸ்ட்டை வைத்தே சிக்கந்தர் பாய் ஆளைச் சொல்லிவிடுவார்.

நான் எழுதியது வேறு மாதிரி லிஸ்ட். அதற்கு ஒரே சட்டம்தான்: படப்பாட்டு கூடாது. படப்பாட்டு மெட்டில் எழுதிய சாமிப் பாட்டும் கூடாது. நம் பக்கத்து ஆள் யாராவது சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, தானே பதிந்ததாக இருக்க வேண்டும்.

"அப்ப பாட்டே கேக்க வேணாம்னு சொல்லு மாப்ள" என்றார் பாய்.

ஆனாலும் பலகையில் இடம் கொடுத்தார். பிளைவுட்டில் ஒரு விரிசல் இருந்தது, என் தாள் அதை மறைத்தது. கடைக்கு வருகிறவர்கள் எனக்கு "லிஸ்ட்டண்ணே" என்று பெயர் வைத்தார்கள்.

மாதம் பத்து எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கிடைத்தது. டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வந்ததும் ஊரில் பாதிப் பேருக்குத் தொண்டை அரிக்க ஆரம்பித்திருந்தது. அதில் சிலது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

அழகர்கோவில் வாசலில் வளையல் கடை போட்டிருந்த ஒருவர், வளையல் போட்டுக்கொள்ள வரும் பெண்களின் கைகளைப் பற்றி எட்டுப் பாட்டுப் பாடியிருந்தார். அறுப்புக்குப் போன கை, பிள்ளைபெற்ற வீட்டுக் கை, மோதிரத்தை அடகு வைத்த கை. பெருமாள் பாட்டு என்று நினைத்து வாங்கிப்போன பக்தர்கள் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்கள். தலைப்பில் "புதுசு" என்று இருந்தும் நான் அதற்கு மூன்று மாதம் முதலிடம் கொடுத்தேன்.

பேங்க் குமாஸ்தாக்கள் மூன்று பேர், கிட்டாரும் புல்புல்தாராவும் வைத்துக்கொண்டு, மாற்றல் ஆகிப் போவதைப் பற்றி மட்டுமே பாடினார்கள். லாரியில் ஏற்றிய கட்டில், உடைந்த மண்ணெண்ணெய் ஸ்டவ், பழைய வீட்டுச் சுவரில் மாட்டியபடியே மறந்து வந்த காலண்டர். மூன்றாவது கேசட் வருவதற்குள் மூன்று பேருக்குமே மாற்றல் வந்துவிட்டது.

செல்லூரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் தறிச் சத்தத்தையே தாளமாக வைத்துப் பாடினார்கள். நடுவில், "சாப்பாடு ஆறுது, வாரீகளா இல்லையா" என்று ஒரு பெண் கூப்பிடுவதும் பதிவாகியிருந்தது. அழிக்கத் தெரியாமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கேசட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

இப்படிப்பட்டவர்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் பிடித்ததைச் சும்மா சொல்லிவிட மாட்டேன். இவன் சுருதியில் இல்லை, அவன் இழுக்கிறான் என்று இரண்டு குத்துக் குத்திவிட்டுத்தான் பாராட்டுவேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தவன் என்று நினைப்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஆறு பாட்டு

அந்த மாதம் வந்த கேசட்டின் அட்டை கையால் வரைந்தது. வறண்ட வைகை மணலில் ஓர் உருவம் நடந்து போகிறது. தலைக்கு மேல் பூப்போட்ட குடை. மேலே "ஆறு பாட்டு" என்ற தலைப்பு மட்டும். பெயர் எதுவும் இல்லை. மறுபக்கம் காலி. ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதாக பாய் சொன்னார்.

முதல் ஐந்தும் ஒரு கனத்த குரல். ஆணா பெண்ணா என்றே எனக்கு முதலில் பிடிபடவில்லை. பள்ளிக்கூட மணியைப் பற்றி ஒன்று, பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைப்பதைப் பற்றி ஒன்று. நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். ஆறாவது வந்ததும் மடிப்பதை நிறுத்தினேன். மெல்லிய குரல். வேகமான நடை. ஒரு சின்னப் பெண் மணலில் காலை உதைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது.

"ஆத்துக்குள்ள நடக்குறேன், ஆத்தைத் தேடி நடக்குறேன்.
மணலைக் கேட்டாச் சொல்லுது, நேத்து இங்கதான் இருந்துச்சு."

அன்றைக்கே பன்னிரண்டு தடவை போட்டுக் கேட்டேன். மறுநாள் தாளில் முதலிடம் கொடுத்தேன். கட்டைக் குரலைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற வரியையும் எழுதினேன். அந்த வரியை எழுதும்போது ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பாய் அந்த ஆறாவது பாட்டைக் கடையில் ஓடவிட்டார். திருவாதவூரில் மைக் செட் வைத்திருந்த கருப்பையா என்பவர் அதைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அவர்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கு ஆண்டு விழா. அந்தப் பொண்ணை எப்படியாவது வந்து பாடச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். பாய் டிராயிங் மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பினார். அதன் பிறகுதான் பூப்போட்ட குடை கடைக்கு வந்தது.

அட்டையில் அதே குடையைப் பார்த்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். புரூப் பார்க்கிறவனாம்.

பக்கத்தில் நிற்பது

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் சொன்னார்: "ஆறும் நான் பாடுனதுதான் தம்பி. என் பேரு ஸ்டெல்லா. ஞானஒளிவுபுரத்துல இருந்து வாரேன். கணக்கு டீச்சர்."

நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "இல்ல டீச்சர், மொத அஞ்சு வேணா நீங்களா இருக்கலாம். ஆறாவது வேற குரல். நான் பன்னெண்டு தடவை கேட்டுருக்கேன்" என்றேன். பாடியவரிடமே.

அவர் கோபப்படவில்லை. பாய் கை நீட்டிக் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். டீச்சர் கண்ணாடிக் கவுன்ட்டரில் இரண்டு விரலை ஊன்றிக்கொண்டு, அந்த இரண்டு வரியையும் பாடினார். மெதுவாக. ஆற்று மணலில் பெரிய மனுஷி நடக்கிற வேகத்தில். அதே மெட்டு, அதே வார்த்தை. நான் கேட்ட பாட்டு அங்கே இல்லை.

"பேட்டரியிலயா பதிஞ்சீங்க?" என்றார் பாய். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்திருந்தார்.

டீச்சர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பள்ளிக்கூடத்துப் பின்பக்க வகுப்பறையில் கூடியிருக்கிறார்கள். டிராயிங் மாஸ்டர் கிட்டார், அவர் மச்சான் போங்கோஸ். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை. டேப் செட்டுக்குள் இருந்த பேட்டரி பழையது. கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்து வெயிலில் காயப்போட்டு எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது. தீர்ந்துபோன பேட்டரியை அப்போது யாரும் தூக்கிப் போட மாட்டோம். அப்பளம் காயப்போடுகிற மாதிரி மொட்டை மாடியில் காயப்போடுவோம். சூடு ஏறினால் அதற்குள் மிச்சமிருக்கிற கொஞ்ச உயிர் எழுந்து வரும். அரை மணி நேரம் ஓடும். பிறகு மறுபடி படுத்துவிடும்.

"அஞ்சு பாட்டு பதிஞ்சதும் எல்லாத்தையும் ஒருக்காப் போட்டுக் கேட்டோம். நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஆறாவதைப் பதிஞ்சோம்."

பாய் தொடையில் தட்டினார். "கேட்டுக் கேட்டு பேட்டரியத் தீத்துட்டீங்க. ஆறாவதுக்கு செட்டு மூச்சு வாங்கிக்கிட்டு மெதுவா ஓடிருக்கு. மெதுவாப் பதிஞ்சதை நல்ல செட்டுல போட்டா ஓட்டமாத்தான் ஓடும். குரலும் ஏறிரும்."

அப்படியென்றால் நான் முதலிடம் கொடுத்த சின்னப் பெண் உலகத்திலேயே கிடையாது. அரை உயிர் பேட்டரி பெற்ற பெண் அது.

டீச்சர் பாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"சின்னதுல இருந்தே கோயில்ல பாட்டுக்கு நிப்பாட்டும்போது பொம்பளப் பிள்ளைங்கள முன்னாடி நிப்பாட்டுவாங்க. என்னைய மட்டும் ஆம்பளைங்க பக்கத்துல, கடைசில. கிறிஸ்துமஸ்னா வாயை மட்டும் அசைச்சாப் போதும்னுருவாங்க. இருவத்தஞ்சு வருஷமா அசைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். என் குரலை ஒரு தடவை வெளிய இருந்து கேட்டுப் பாக்கணும்னுதான் இதைப் பதிஞ்சது." குடைப்பிடியை மாற்றிப் பிடித்தார். "இப்ப திருவாதவூர்ல கூப்புடுறாங்க. மேடைல நான் தனியாப் பாடுனதே இல்ல. நீங்க இம்புட்டு பாட்டு கேக்குறவரு. நான் போய் நின்னா ஒத்துக்குவாங்களா, சொல்லுங்க."

ஒரு மனுஷி நாற்பது வயதில், முன்பின் தெரியாத ஒருவனிடம், தன் குரலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விஷயம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்.

"அவங்க அந்தச் சின்னக் குரலைத்தான் டீச்சர் எதிர்பாப்பாங்க. உங்க ஸ்கூல்ல மெல்லிசாப் பாடுற பிள்ளை யாராச்சும் இருந்தா கூட்டிட்டுப் போங்க. அது பாடட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க."

அவர் தலையாட்டினார். "பக்கத்துல நிக்கிறது எனக்குப் பழக்கந்தான்" என்றார். படியிறங்கி, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பாய் கேசட் மூடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா மாப்ள?" என்றார்.

பார்த்தேன். அதனால்தான் அந்த வாரம் முழுக்க எனக்கு எந்தப் பாட்டும் கேட்க முடியவில்லை.

நாலு புதுசு, ரெண்டு பழசு

அடுத்த ஞாயிறு காலையில், நான் தங்கியிருந்த லாட்ஜ் மொட்டை மாடியில் டூ-இன்-ஒன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெதுவாக ஓடிய செட்டில் பதிந்ததை, அதே அளவு மெதுவாக ஓடுகிற செட்டில் போட்டால் சரியாக வர வேண்டும். பாய் சொன்னதிலிருந்து எனக்குத் தோன்றிய கணக்கு இது.

அறையிலிருந்த பழைய பேட்டரிகளை எல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். குரல் இழுத்துக்கொண்டு அடிவயிற்றுக்குப் போனது. பக்கத்து அறை மெடிக்கல் ரெப் தலையை நீட்டி, "என்ன லிஸ்ட்டு, எருமைக்குப் பிரசவம் பாக்கிறியா?" என்று கேட்டார். ஒன்றை மாற்றினேன், இரண்டை மாற்றினேன். குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. நாலு புதுசும் இரண்டு பழசும் போட்டபோது எருமையும் இல்லை, சின்னப் பெண்ணும் இல்லை. கடைக் கவுன்ட்டரில் இரண்டு விரல் ஊன்றிப் பாடிய அதே குரல் வந்தது.

"நேத்து இங்கதான் இருந்துச்சு" என்ற இடத்தில் அந்தக் குரல் இறங்கும் பாருங்கள். வேகமாகக் கேட்டபோது அது விளையாட்டுப் பேச்சு. இப்போது, தொலைத்தவள் சொல்கிற பேச்சாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரெப் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

செட்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஞானஒளிவுபுரத்துக்கு மிதித்தேன். ஓடவிட்டால்தான் பேட்டரி தீரும் என்று தெரியும். ஆனாலும் வழியில் தீர்ந்துவிடுமோ என்று வேகமாக மிதித்தேன்.

டீச்சர் வீட்டு முன்னறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, அமலா என்று பெயர், அந்தப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம்தான் திருவாதவூர் விழா. என் யோசனையை டீச்சர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் செட்டை மேசையில் வைத்துப் பட்டனை அமுக்கினேன்.

டீச்சர் நின்றபடியே கேட்டார். கை தானாக வாய்க்குப் போனது. பாட்டு முடிந்ததும், "இன்னொருக்காப் போடுங்க தம்பி" என்றார். போட்டேன். அதற்குள் பழைய பேட்டரி இரண்டும் களைத்துவிட்டன. குரல் பாதியில் பாதாளத்துக்குப் போனது. டீச்சர் சிரித்துவிட்டார். "இப்ப எங்கப்பா பாடுறாரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சிரித்தார்.

"டீச்சர், நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. நீங்களே பாடணும்" என்றேன்.

டீச்சர் அமலாவைப் பார்த்தார். அமலா கையிலிருந்த பாட்டு நோட்டை மூடி வைத்துவிட்டு, "நான் பக்கத்துல நிக்கிறேன் டீச்சர்" என்றது.

திருவாதவூர் மேடை

டிராயிங் மாஸ்டரும் சேர்ந்துகொள்ள, ஐந்து மணி பஸ்ஸில் போனோம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெஞ்சுகளைச் சேர்த்து மேடை. கருப்பையா ஓடிவந்து அமலாவைப் பார்த்து, "வாம்மா, ஒன் பாட்டுதான் இங்க ஊரு பூராம் ஓடுது" என்றார்.

"பாடுனது நாந்தான்" என்றார் டீச்சர்.

கருப்பையா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு, "அப்படீங்களா அக்கா. சரி, மொதப் பாட்டா வேணாம். நடுவுல வச்சுக்குவோம்" என்றார். நல்ல மனுஷன்தான். பயந்துவிட்டார்.

நடுவில் கூப்பிட்டார்கள். டிராயிங் மாஸ்டர் கிட்டாரைத் தட்டினார். டீச்சர் மைக்கைப் பிடிக்கவில்லை, சேலைத் தலைப்பைத்தான் பிடித்துக்கொண்டார். முதல் வரியில் குரல் நடுங்கியது. பின்னாலிருந்து ஒருவன், "அந்தப் பொண்ணு எங்கண்ணே?" என்று கேட்டான். முன்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு ஓடிப்போய் மேடைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

டீச்சர் நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை.

அந்த வருஷம் அந்தப் பக்கம் மழை பொய்த்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதே பார்த்தேன், கண்மாய் வெடித்துக் கிடந்தது. நடுவில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. நான் அதை ஒரு காட்சியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கண்மாயை நம்பி நாற்றுவிட்டவர்கள்.

"மணலைக் கேட்டாச் சொல்லுது, நேத்து இங்கதான் இருந்துச்சு" என்று டீச்சர் இறக்கிப் பாடியபோது பேச்சுச் சத்தம் நின்றது. பிள்ளையை அதட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அதட்டுவதை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் உடனே வரவில்லை. தலைப்பாகை கட்டிய ஒருவர் எழுந்து நின்று, "யப்பா கருப்பையா, அம்புட்டும் காதுல விழுகல. அந்தம்மாவை இன்னொருக்காப் பாடச் சொல்லு" என்றார்.

அவருக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டீச்சர் இன்னொரு முறை பாடினார். இந்தத் தடவை மைக்கைப் பிடித்துக்கொண்டார். அமலா பக்கத்தில் நின்று தாளம் போட்டது.

புதுத் தாள்

மறுநாள் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எழுதினேன். மற்ற ஒன்பதும் அப்படியே இருந்தன. முதலிடத்தில் இப்படி எழுதினேன்: "ஆறு பாட்டு, ஆறாவது பாட்டு. எழுதிப் பாடியவர் ஸ்டெல்லா டீச்சர். சின்னப் பெண் யாரும் இல்லை, எழுமலையான் உளறிவிட்டான். தேய்ந்த பேட்டரியில் கேட்கவும். நாலு புதுசு, ரெண்டு பழசு."

அதன் பிறகு கொஞ்ச நாள் பாய்க்குத் தொல்லைதான். கேசட் வாங்குகிறவர்கள், "ரெண்டு பழைய பேட்டரி குடுங்க பாய்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "புதுசு கேட்டு வந்தவனைப் பாத்துருக்கேன், தீந்துபோனதைக் கேட்டு வாரவனை இப்பத்தான் பாக்குறேன்" என்று திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தார். அதே மாதிரி குடையை மடக்காமலே பலகை முன்னால் நின்றார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எனக்குப் பெருமையாக இருந்தது. பிராயச்சித்தம் செய்துவிட்டவனின் பெருமை.

படித்துவிட்டு உள்ளே வந்தார். முகம் சிரித்த முகமாகத்தான் இருந்தது. கோயிலில் இந்த வருஷம் தனியாக ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பாய் டீக்குச் சொன்னார். டீச்சர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டுக் கிளம்பினார். படியில் இறங்கிக் குடையை விரிப்பதற்கு முன் திரும்பினார்.

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா கேசட்டோட மொதப் பாட்டை லிஸ்ட்டுல சேக்கவே இல்லையே" என்றார். "அதைப் பாடுறப்ப பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு."